பசியாற என்றுதான் அம்மா சொன்னார்

மகனே,

உனக்கு இன்னும் பெயர் இல்லை. நீ பிறப்பாயா என்பதே எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயது, பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் படிக்கிறேன். போன வாரம் எங்கள் தமிழாசிரியை ‘மகனுக்கு ஒரு கடிதம்’ என்று பலகையில் எழுதிவிட்டு, “நீங்க எல்லாம் அம்மா அப்பா ஆயிட்டதா நெனச்சுக்குங்க. வளர்ந்த பிள்ளைக்கு எழுதுங்க. புத்திமதி இருக்கணும், ஆனா உங்க அனுபவத்துல இருந்து வரணும்” என்றார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நேரத்தை வீணாக்காதே, நல்ல நண்பர்களோடு சேர், கைப்பேசியைக் குறைத்துக்கொள். ஆசிரியை சிவப்பு மையில் ‘நன்று’ என்று போட்டு, அதன் கீழே ‘அனுபவம் எங்கே?’ என்று கேட்டிருந்தார். அனுபவம் இந்தத் தாளில் இருக்கிறது. இதை அவரிடம் கொடுக்க முடியாது. வீட்டில் இருக்கிறவர்களிடமும் காட்ட முடியாது. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

சமையலறைத் தரையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மாவும் என் தங்கை கவியும் ஹாலில் படுத்திருக்கிறார்கள். அம்மாவை உன் பாட்டி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவருக்கு நாற்பத்தொரு வயதுதான் ஆகிறது, என்னைவிட வேகமாக மாடி ஏறுவார். அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். மூன்றரைக்கு அம்மாவின் அலாரம் அடிக்கும். அதற்குள் எழுதி முடிக்கவேண்டும். முடிவும் எடுக்கவேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மாலை நான்கு மணிக்கு நல இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா எங்களைப் பட்டினி போடுகிறாரா என்று பார்க்க வருகிறார். அப்படி ஒரு சந்தேகம் ஊருக்கு வந்ததற்குக் காரணம் நான். அம்மாவுக்கு அது தெரியாது.

நாங்கள் மாசாயில், மலிவு விலை ஃப்ளாட் ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். அப்பா கொள்கலன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் ஒன்றரை நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மாவுக்கு பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. ஐந்தேகாலுக்குத் தொழிற்சாலை பஸ் கீழே வந்து ஹாரன் அடிக்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காது. இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் பிளாக்கின் லிஃப்ட் பல மாதமாக ஓடாமல் கிடந்தது. ஆறாம் மாடியில் சிறுநீரகம் பழுதான ஒரு மாமா இருக்கிறார். அவரை வாரம் மூன்று முறை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்குவார்கள். அந்த நேரத்தில்தான் சியூ லிங் அக்கா எங்கள் பிளாக்குக்கு வந்தார். கல்லூரியில் திரைப்படம் படிக்கிற மாணவி, ஊர் யோங் பெங். இறுதி ஆண்டுக்கு ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும், எங்கள் ஃப்ளாட்டில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டவேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்களோடு மலாயில்தான் பேசுவார். நீ அவரைத் தவறாக நினைக்காதே. அந்த மாமாவின் நாற்காலியை ஒரு நாள் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவரும் சேர்ந்து தூக்கினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே அவரைப்போல ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

தமிழ்க்காரர்கள் பேசுவதைப் புரியவைக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் மலாய் நன்றாக இருக்கும், பள்ளியில் எப்போதும் முதல் மூன்று பேரில் வருவேன். அவர் என்னைக் கேட்டபோது என் காதெல்லாம் சூடாகிவிட்டது. படத்தின் கடைசியில் என் பெயரும் வரும் என்று சொன்னார்.

அம்மாவைப் படம் எடுக்க வந்த நாளன்று, அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்து, கவிக்குப் பவுடர் அடித்து நின்றார். நான் கதவைத் திறந்ததும் சியூ லிங் அக்கா, “அலமாக், ஆன்ட்டி, ரொம்ப அழகு! ஆனா வீட்டுல எப்பவும் போடறதையே போட்டுக்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, “எப்பவும் போடறதா? அந்தக் கைலியில உங்கப்பாவே என்னைத் திரும்பிப் பாக்கறதில்ல, இதுல ஊரு பாக்கணுமாம்!” என்றார். ஆனாலும் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் நான் ஒன்று செய்தேன். எங்கள் வீட்டில் போன வருடம் வாங்கிய புது குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. யாரும் சொல்லாமலே நான் அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினேன். சியூ லிங் அக்கா அதைக் கவனிக்கவில்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. அவர் எதைத் தேடி வந்தாரோ அது எங்கள் வீட்டில் போதுமான அளவு இல்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வறுமை போதவில்லை என்று வெட்கப்பட்ட ஒருத்தி உனக்கு அம்மாவாக வரப்போகிறாள், பார்.

கேள்விகளைத் தமிழில் நான்தான் கேட்டேன். அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார். வேலையைப் பற்றி, லிஃப்டைப் பற்றி, பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்ததைப் பற்றி. காலையில் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டு சொன்னது இதுதான். ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நூறு முறை கேட்டுவிட்டேன்:

“காலையில பசியாற எல்லாம் நம்ம வீட்டுல ஒண்ணும் கெடையாதுலா! அஞ்சே காலுக்கு பஸ்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், எங்க செய்யறது? கீழ காக் யா இருக்காங்க, நாசி லெமாக் இருக்கு. பிள்ளைங்க ராஜா வீட்டுப் பிள்ளைங்க மாதிரி சுடச்சுட சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க. நான் எந்திரிச்சி கருக வச்ச தோசையைவிட அது மேல்.”

காக் யா எங்கள் பிளாக்கின் கீழே மேசை போட்டு, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய்க்கார அம்மா; காக் என்றால் மலாயில் அக்கா. நானும் கவியும் தினமும் அவரிடம்தான் சாப்பிட்டோம். கவிக்கு மட்டும் மிளகாய்ச் சம்பல் இல்லாமல், ஒரு துண்டு முட்டை கூட வைத்து, தனியாகக் கட்டி வைத்திருப்பார்.

நீ பிறந்து வளரும் ஊர் எது என்று எனக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் ‘பசியாற’ என்றால் காலையில் சாப்பிடுகிற சாப்பாடு. அவ்வளவுதான். மூன்று தட்டு இட்லி தின்று ஏப்பம் விட்டவரிடமும் “பசியாறிட்டீங்களா?” என்றுதான் கேட்போம். மலாயில் அதற்குச் ‘சாராப்பான்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. படத்தின் அடியில் ஓடும் மலாய் வரியில் முதலில் நான் அதைத்தான் எழுதினேன்: ‘எங்கள் வீட்டில் காலைச் சாராப்பான் கிடையாது.’

சியூ லிங் அக்காவும் நானும் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருடைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்தோம். அவர் என் வரிகளைப் படித்துக்கொண்டே வந்தார். கொஞ்சம் சோர்ந்துபோயிருந்தார். “எல்லாரும் சிரிச்சிக்கிட்டே பேசறாங்க. கஷ்டத்தை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. விரிவுரையாளர் என்னைக் கொன்னுடுவாரு” என்றார். அப்புறம் அம்மாவின் வரியில் நிறுத்தி, “இந்த இடத்துல உங்க அம்மா முகம் ரொம்ப நல்லா வந்திருக்கு. சிரிச்சிட்டு ஜன்னலைப் பாக்கறாங்க. சாராப்பான்னுதான் சொன்னாங்களா? தமிழ்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவ்ளோதானா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது வேறு. பசி என்றால் லாப்பார், ஆற என்றால் தணிவது, புண் ஆறுவதைப்போல என்று பாடம் எடுத்தேன். அவர் கண்கள் பெரிதாகிவிட்டன. “நெஜமாவா? எவ்வளவு அழகு! அப்ப அதையே போடலாமே?” என்றார். நான் சாராப்பானை அழித்தேன். மலாயில் நான் எழுதியதைத் தமிழில் திருப்பினால் இப்படி வரும்: ‘காலையில் பசியைத் தணிக்க எங்கள் வீட்டில் எதுவும் இல்லை.’ அவர் அதை இரண்டு முறை மெதுவாக வாசித்தார். பிறகு, “இதுக்கு அப்புறம் என்ன சொல்றாங்க?” என்றார். “பஸ்ஸைப் பத்தி ஏதோ சொல்றாங்க, முக்கியமில்ல” என்றேன். காக் யாவும் நாசி லெமாக்கும் அந்த இடத்தில் வெட்டுப்பட்டுப் போனார்கள். கத்தரித்தது அவர் கை. எங்கே கத்தரிக்கலாம் என்று காட்டிக்கொடுத்தது நான்.

படத்தை முதலில் எங்கள் ஃப்ளாட்டின் பொது மண்டபத்தில் போட்டார்கள். அம்மா நாற்காலி அடுக்க முதல் ஆளாகப் போனார். அம்மாவின் முகம் திரையில் வந்து, “பசியாற எல்லாம் நம்ம வீட்டுல ஒண்ணும் கெடையாதுலா” என்றதும், தமிழ்க்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசை முழுக்கச் சிரித்தது. “லெட்சுமிக்கு வாயைப் பாரு” என்று யாரோ அம்மாவைச் சொன்னார்கள். அதே நொடியில் மற்ற வரிசைகளில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மலாய்க்கார அம்மா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். பேச்சைக் கேட்டவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை, எழுத்தைப் படித்தவர்களுக்குப் பேச்சு புரியவில்லை. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். படம் முடிந்து கடைசியில் ‘தமிழ் மொழிபெயர்ப்பு’ என்று என் பெயர் ஓடியபோது அம்மா மண்டபத்துக்கு வெளியே கவியைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்க்கவில்லை என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நன்றி சொல்கிற விஷயமா அது?

கல்லூரியில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. இணையத்தில் ஏற்றினார்கள். அம்மாவின் அந்த ஒரு காட்சியை மட்டும் யாரோ தனியாக வெட்டிப் போட, அது ஒவ்வொரு கைப்பேசியாகப் போனது. இரண்டே வாரத்தில் லிஃப்டைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆறாம் மாடி மாமா இப்போது தன் காலால் நடந்து லிஃப்டில் ஏறி இறங்குகிறார். இதையும் நான் உனக்கு எழுதித்தான் ஆகவேண்டும். பொய்யால் ஒரு நல்லதும் நடக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

ஆனால் அதே வாரத்தில் காக் யா மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கைப்பேசி. வாசலிலேயே நின்று மலாயில் வெடித்தார். “லெச்சுமி, என் நாசி லெமாக் என்ன, காத்தா? நாலு வருசமா உன் பிள்ளைங்களுக்கு என் கையால கட்டிக் குடுக்கறேன். எதுவும் இல்லன்னு ஊருக்கே சொல்லியிருக்க! கீழ எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, உன் மேசைக்கு மேல ஒரு குடும்பம் பட்டினி கெடக்குது, உனக்குத் தெரியலையான்னு!”

“ஐயோ காக், நான் சாராப்பான்னுதான் சொன்னேன். உங்க பேரைக்கூடச் சொன்னேன்” என்றார் அம்மா.

“இதோ எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்.”

அம்மா ஆறாம் ஆண்டு வரை படித்தவர். மலாயை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். வாசலில் நின்று, அந்தச் சின்னத் திரையில், உதட்டை அசைத்து அசைத்து அந்த வரியைப் படித்தார். முடித்ததும் முகத்தில் ஒன்றும் இல்லை. காக் யா போய்விட்டார். அம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏன் இப்படிப் போட்டாங்க? நான் அப்படியா சொன்னேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே, தான் அப்படிச் சொல்லியிருக்கலாமோ என்ற சந்தேகத்தோடு கேட்டார். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல நேரம் அதுதான். நான், “கம்ப்யூட்டர் தானா மொழிபெயர்க்கும்மா. தப்பாப் போட்டுடுச்சி” என்றேன்.

“கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும் பசியாறுறதைப் பத்தி” என்றார் அம்மா. நம்பிவிட்டார்.

சனிக்கிழமை அப்பா வந்தார். அவருடைய லாரிக்காரர்கள் குழுவிலும் அந்தக் காட்சி போயிருந்தது. “‘என்னா மச்சான், வீட்டுல அடுப்பே எரியறதில்லையா’ன்னு கேக்கறானுங்க. நான் ஒழைக்கறது எதுக்கு?” என்றார். அம்மா கம்ப்யூட்டர் தப்பு என்றார். “ஒலகத்துல இருக்கற கம்ப்யூட்டருக்கெல்லாம் உன் மேல என்னா கோவம்? கேமராவைப் பாத்ததும் வாய்க்கு வந்ததைப் பேசிட்ட” என்றார் அப்பா. இன்னொரு பக்கம் யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் அரிசி, பால் மாவு, பிஸ்கட் டின் என்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துப் போனார்கள். அம்மா அவற்றைப் பிரிக்கவே இல்லை. ஒவ்வொன்றாக லிஃப்டில் இறக்கி, கீழே கோயில் அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு இது எப்படிப்பட்ட விஷயம் என்று உனக்குப் புரியவேண்டும். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பள்ளியில் இலவசச் சாப்பாடு வாங்கும் பிள்ளைகளின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் முன்னால் நாற்காலியில்கூட உட்காரவில்லை. “இவ பேரை எடுத்துட்டு வேற பிள்ளைக்குக் குடுங்க சார். என் பிள்ளை வயிறு நெறஞ்சிதான் ஸ்கூலுக்கு வருது” என்றார். நான் அழுதேன், ஏனென்றால் அந்தச் சாப்பாட்டில் கோழி இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா கோழிக்கால் வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மாவைத்தான் நான் நாடு முழுக்கக் கை நீட்ட வைத்துவிட்டேன்.

காக் யாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அம்மா எங்களை அவரிடம் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று வாரமாக அம்மாவே மூன்றரைக்கு எழுந்து சமைக்கிறார். தோசை, உப்புமா, புட்டு. சமைக்கும்போது வாசல் கதவை அகலமாகத் திறந்து வைக்கிறார். இருட்டில், நடைபாதையில் ஒரு ஆள் இல்லாத நேரத்தில், தாளிக்கிற வாசனை வெளியே போகவேண்டும் என்பதற்காக. நாங்கள் ஐந்தரைக்கு எழும்போது எல்லாம் ஆறிப்போய்த் தட்டில் மூடியிருக்கும், அம்மா பஸ்ஸில் போயிருப்பார். போன செவ்வாய்க்கிழமை வேலை இடத்தில் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டாராம். சூப்பர்வைசர் எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். அதை மட்டும் ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னேன்.

திங்கட்கிழமை நல இலாகாவிலிருந்து தொலைபேசி வந்தது. படத்தைப் பார்த்து யாரோ புகார் செய்திருக்கிறார்கள், வந்து பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, “புள்ளைங்களைக் கொண்டுபோய் ஹோம்ல வச்சிடுவாங்க லெட்சுமி, எங்க சொந்தத்துல நடந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா கவிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். இன்றைக்கு இராத்திரியும் கவியை முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்.

“ஆபிசர் காலையில என்ன சாப்பிட்டன்னு கேட்டா என்ன சொல்லணும்?”

“திங்கக்கெழம தோசை. செவ்வாக்கெழம உப்புமா. புதன்கெழம புட்டு.”

“யாரு செஞ்சது?”

“அம்மா.” கவிக்கு எட்டு வயது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “உப்புமா பிடிக்கலன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள்.

“சொல்லக்கூடாது.”

“காக் யா நாசி லெமாக் வேணும்னு சொல்லலாமா?”

அம்மா கவியின் தலையைப் பின்ன ஆரம்பித்தார். ஏற்கெனவே பின்னியிருந்த தலை. எனக்கு அங்கே உட்காரமுடியவில்லை, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நடந்தது எல்லாம் உண்மை, இப்போது அம்மா அதைப் பொய்யைப்போல மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொன்னால் என்ன ஆகும் என்று பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டேன். சியூ லிங் அக்காவின் பரிசு போகலாம். அவர் என்னோடு பேசாமல் போகலாம். அடுத்த வருடம் கல்லூரியில் சேர எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார், அது வராது. அப்பா என்னை அடிப்பாரா தெரியாது, இதுவரை அடித்ததில்லை. இதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிகிறது, என் பயம் அது இல்லை. அம்மா ஒரு கேள்வி கேட்பார். சாராப்பான் என்ற சொல் உனக்குத் தெரியாதா என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது.

ஆகவே மகனே, ஆசிரியை கேட்ட புத்திமதி இதுதான். நீ இதைப் படிக்கும்போது சியூ லிங் அக்காவின் வயதில் இருப்பாய். கேமரா இல்லாவிட்டாலும் உன் கையில் ஏதோ ஒன்று இருக்கும், அதற்கு முன்னால் யாராவது வந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டு சிரித்தால், சிரிப்பு என்றே எழுது. அதன் அடியில் அழுகை இருக்கும் என்று தோண்டாதே, இருந்தால் அவர்களே காட்டுவார்கள். ஒரு சொல்லை உடைத்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவது வகுப்பில் கைதட்டல் வாங்கித் தரும். நான் உடைத்ததில் பொய் எதுவும் இல்லை. பசி என்றால் பசிதான், ஆற என்றால் ஆறத்தான். இரண்டும் சரி, சேர்த்தால் என் அம்மா சொல்லாதது. இன்னொன்றும் எழுதவேண்டும். தப்புச் செய்த அன்றைக்கே ஒத்துக்கொண்டால் அது ஒரு வரியோடு போயிருக்கும். நான் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்ட பிறகு, அம்மா அதை நம்பி ஊரெல்லாம் சொல்லி, ஊர் அம்மாவைப் பொய்க்காரி என்றது. முதல் தப்பு எழுத்தில்தான் இருந்தது. இரண்டாவதை அம்மா தினமும் மூன்றரை மணிக்கு எழுந்து சுமக்கிறார்.

அலாரம் அடிக்கிறது.

இப்போது மணி நாலரை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா கொண்டையை முடிந்துகொண்டே வந்து விளக்கைப் போட்டார். என்னைப் பார்த்து, “என்னாடி, தூங்கலையா? பரீட்சையா?” என்றார். வாசல் கதவைத் திறந்துவிட்டு வந்தார். அடுப்பைப் பற்றவைத்தார், தோசைக்கல்லை வைத்தார். நான் எழுந்து நிற்கவில்லை, நின்றிருந்தால் ஓடியிருப்பேன்.

“அம்மா, கம்ப்யூட்டர் இல்லம்மா.”

“என்னா கம்ப்யூட்டர்?”

“படத்துல எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் போடல. நான்தான் போட்டேன்.”

அம்மா மாவுக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கடை, அக்கா கேட்ட கேள்வி, நான் எடுத்த பாடம், வெட்டச் சொன்ன இடம், போர்வை போட்ட குளிர்பதனப் பெட்டி வரை. கல் புகைய ஆரம்பித்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை.

“சாராப்பான்னு ஒரு வார்த்தை இருக்குல்ல. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. மொதல்ல அதுதான் எழுதினேன். அப்புறம் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“அக்காவுக்குப் பிடிக்கணும்னு.”

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பசின்னா என்னான்னு எனக்குத் தெரியும். உன் வயசுல தெரியும், கவி வயசுலயும் தெரியும். தோட்டத்துல நான் பச்சத் தண்ணிய குடிச்சிட்டுப் படுத்திருக்கேன். அதை நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல, உங்கிட்டகூடச் சொன்னதில்ல. சொல்லவேணாம்னு வச்சிருந்தேன். அந்தப் பசியைக் கொண்டுபோய் உங்களுக்கு நான் குடுத்தேன்னு எழுதிட்டியே.”

அப்போதுதான் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“சாயந்தரம் ஆபிசர் வந்தா நீதான் கதவைத் தொறக்கணும். நீதான் பேசணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், வாயைத் தொறக்கமாட்டேன்.”

“சரிம்மா.”

“அப்பாகிட்டயும் நீதான். அதுக்கு முன்னால காக் யாகிட்ட போற. அஞ்சு மணிக்கு மேசை போடுவாங்க. அவங்க பேரை நான் சொன்னேன்னு சொல்லு. நீ வெட்டுனன்னு சொல்லு.”

அப்புறம் அம்மா அடுப்பை அணைத்தார். மாவுப் பாத்திரத்தை மூடிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தார். திறந்திருந்த வாசல் கதவைப் போய்ச் சாத்தினார். “அஞ்சு மணிக்கு எழுப்பு” என்று சொல்லிவிட்டு, கவியின் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சியூ லிங் அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அந்த வரியை மாற்றவேண்டும், காக் யாவைத் திரும்பச் சேர்க்கவேண்டும், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடவேண்டும் என்று எழுதினேன். இன்னும் படிக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அம்மா என்னை மன்னித்தாரா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தூங்குகிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஐந்து மணிக்கு இன்னும் சில நிமிடங்கள்தான். கீழே காக் யா மேசைக் காலை இழுக்கும் சத்தம் கேட்கிறது. முதலில் அம்மாவை எழுப்பவேண்டும், பிறகு கீழே இறங்கவேண்டும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

போய்வருகிறேன்.